சஸ்பென்ஸ் கணக்கில் ஓர் அரிப்பு

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. வங்கிக் கணக்கில் ஒரு தொகை வந்திருக்கும். யார் போட்டார், எதற்குப் போட்டார் என்று தெரியாது. அதைத் தூக்கி ‘சஸ்பென்ஸ்’ என்ற கணக்கில் போட்டு வைப்போம். விவரம் தெரிந்ததும் உரிய தலைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். மூன்று வருடமாக என் கைவிரல், கழுத்து, நெஞ்சுக்குழி மூன்றும், எதனால் அரிக்கிறது என்று தெரியாமல், அப்படித்தான் சஸ்பென்ஸில் கிடந்தன.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை புதுச்சேரியில், ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில். காலை ஏழே முக்காலுக்கு ஒரு பஸ், மாலை ஆறுக்கு ஒரு பஸ். சின்ன வயதில் எனக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்புறமும் கரப்பான் இருந்தது. அப்பாவுக்கு இளைப்பு, எனக்கு மார்கழி வந்தால் தும்மல். பத்தாவது படிக்கும்போது தோல் தானாகவே சரியானது. 38 வயதில் திரும்பி வந்தது. இந்த முறை விரல் நுனியில் வெடிப்பு, கழுத்தைச் சுற்றிச் சிவப்பு, நெஞ்சுக்குழியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடித்த கருப்புத் திட்டு.

எங்கள் பக்கத்தில் எது அரித்தாலும் கரப்பான்தான். அதோடு நிற்காது, சாப்பாட்டுக்கும் அந்தப் பெயர் உண்டு. ‘கத்தரிக்காய் கரப்பான், தொடாதே’ என்பார்கள். கருவாடு கரப்பான், இறால் கரப்பான், நண்டு கரப்பான். பக்கத்து வீட்டு அக்கா தக்காளியைச் சேர்த்தார். அலுவலகத்தில் ஒருவர் வேர்க்கடலையைச் சேர்த்தார். பண்ருட்டியிலிருந்து வந்த அத்தை, “மாங்காயும் ஆவாதும்மா” என்று முடித்து வைத்தார். ஏழு மாதம் எல்லாவற்றையும் விட்டேன். தேவனாம்பட்டினத்தில் மீன் இறங்குகிற ஊரில் இருந்துகொண்டு, கணவரும் பையனும் சுறாப் புட்டு சாப்பிட, நான் பருப்புத் துவையலைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு கிலோ எடை குறைந்தது. அரிப்பு ஒரு இம்மியும் குறையவில்லை.

அப்புறம் மருந்துக்கடை. “மேடம், இதப் போடுங்க, மூணு நாள்ல பளிச்னு ஆயிரும்” என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள். உண்மையிலேயே மூன்று நாளில் பளிச். நிறுத்திய ஒரு வாரத்தில் முன்னைவிட மோசம். மறுபடி போட்டேன், மறுபடி பளிச். இப்படி நாலு மாதம் ஓடியது. கழுத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே இருக்கிற சின்ன ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பித்தபோதுதான் பயம் வந்தது. அந்த ட்யூபில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றும் கலந்திருந்தன. படர்தாமரையா, எக்ஸிமா என்று மருத்துவர்கள் சொல்கிற கரப்பானா என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அடி. படர்தாமரைக்கு மேல் ஸ்டீராய்டு போட்டால் அது அடங்கினாற்போல அடங்கி, அடியில் பரவும். என்னுடையது படர்தாமரை இல்லை என்பது என் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது கழுத்தை இல்லை, உள்ளங்கையை. “ரேகை நெறைய இருக்கே” என்றார். திருப்பாதிரிப்புலியூர் கோயில் வாசலில் ஒரு ஜோசியர் இதையே சொல்லி, உனக்கு மனக்கவலை அதிகம் என்று 50 ரூபாய் வாங்கியிருக்கிறார். மருத்துவர் சொன்னது வேறு. தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடித்து ஈரம் போகாமல் வைத்துக்கொள்ள ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் வேண்டும். அதற்கான மரபணுவில் குறை இருப்பவர்களுக்குத் தோல் வறண்டே இருக்கும், உள்ளங்கையில் ரேகைகள் கூடுதலாகத் தெரியும். அந்தக் குறைக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006இல்தான் உறுதியானது. எக்ஸிமா உள்ள எல்லோருக்கும் அந்தக் குறை இருக்காது. ஆனால் சுவர் பூச்சு உதிர்ந்த வீடு மாதிரி என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்தது. வெளியே இருப்பது உள்ளே வரும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகும்.

சாப்பாட்டுக் கதையைக் கேட்டுவிட்டு, பெரியவர்களுக்கு வருகிற எக்ஸிமாவுக்கு உணவு காரணமாக இருப்பது அபூர்வம் என்றார். கைக்குழந்தைகளுக்கு முட்டை, பால் போன்றவை சிலருக்குக் காரணமாகலாம், அதையும் பரிசோதித்துத்தான் நிறுத்த வேண்டும். இறால் ஒவ்வாத ஒருவருக்குச் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு முட்டும். அது வேறு வியாதி. அன்று சாயங்காலமே வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஒரு நோட்டு போடச் சொன்னார். இது எனக்குக் கை வந்த வேலை. தேதி, இடம், எவ்வளவு அரிப்பு என்று பத்துக்கு ஒரு மதிப்பெண், அன்று தொட்டது, பூசியது, உடுத்தியது. ஒரு மாதம் எழுதினேன். திங்கள்கிழமை மாலையில் விரல்கள் மோசம், வியாழக்கிழமை வாக்கில் தணிவு, மறுபடி திங்கள்கிழமை. நாலு வாரமும் இதே கதை. சந்தேகமே இல்லை, அலுவலகம்தான் என்று நினைத்தேன். ஏ.சி., கை துடைக்கிற ஸ்பிரிட் திரவம், பழைய ஃபைல் தூசி. மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றிக்கூடக் கேட்டு வாங்கினேன்.

நோட்டைப் புரட்டிப் பார்த்த மருத்துவர், திங்கள்கிழமையை விட்டுவிட்டு சனிக்கிழமை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

எனக்குச் சுரீர் என்றது. செக் எழுதிய தேதி ஒன்று, அது பாஸாகிற தேதி ஒன்று. இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. தொட்டதும் எரிந்தால் அது எரிச்சல். தொடு ஒவ்வாமை அப்படி இல்லை. உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டு, ஆள் திரட்டி, தோலுக்கு அனுப்ப ஒன்றிலிருந்து மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். ‘நேத்து என்ன சாப்பிட்ட’ என்று ஊரே கேட்கிற கேள்வி இதனால்தான் பெரும்பாலும் பொய்த்துப் போகிறது.

சனிக்கிழமை நான் வாரம் முழுவதற்கும் பூண்டு உரித்து டப்பாவில் போட்டு வைப்பேன். அரை கிலோ. இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றிலும் நுனிதான் வெடித்திருந்தது. வலது கை சுத்தம். கத்தி வலது கையில், பூண்டு இடது கையில். மூன்று வருடமாக என் கண் முன்னால் இருந்த கை. பூண்டில் இருக்கிற கந்தகச் சேர்மம் ஒன்று இப்படித்தான் செய்யும், சமையல்காரர்களிடம் இது சாதாரணம் என்றார். சாப்பிட்டால் ஒன்றுமில்லை, தொடக்கூடாது. இப்போது பூண்டு உரிப்பது பையன் வேலை. அவனுக்கு 12 வயது, ஒரு பல்லுக்கு ஒரு பெருமூச்சு விடுவான். மெல்லிய ரப்பர் கையுறையைப் பூண்டுச் சாறு ஊடுருவும் என்பதால் கையுறை போட்டு நானே உரிப்பது என்ற திட்டம் கைவிடப்பட்டது. தக்காளியும் எலுமிச்சையும் இதே வகையில் சிக்கின. ரசம் குடித்தால் பிரச்சினை இல்லை. வெடித்த விரலோடு தக்காளி நறுக்கினால் புளிப்பு ஏறி எரியும். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

அடுத்து பாத்திர சோப்பு. இது ஒவ்வாமைகூட இல்லை, வெறும் தேய்மானம். நம் தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பி.எச். அளவு 5 சுமாருக்கு. கட்டி சோப்பு அதற்கு எதிரான காரத் தன்மை, 9, 10 வரை போகும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கையை அதில் முக்கினால் யாருக்கும் தோல் போகும். பூச்சு உதிர்ந்த சுவருக்குக் கேட்கவே வேண்டாம். உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என்று இரண்டு அடுக்குக் கையுறை. நம் ஊர் வெக்கையில் வெறும் ரப்பரை மட்டும் மாட்டினால் பத்து நிமிடத்தில் உள்ளே வேர்வைக் குளம், அதுவே புதுப் பிரச்சினை.

கிருமியைப் பற்றி ஒரு வார்த்தை. அரிப்பு என்றாலே அழுக்கு, கிருமி என்று நாம் நினைத்துவிடுகிறோம். குளிக்கிற தண்ணீரில் கிருமிநாசினி இரண்டு மூடி ஊற்றிக் குளித்தேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிக்கொண்டு எரிய எரிய உட்கார்ந்திருந்தேன். எரிந்தால் வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை நமக்கு. எக்ஸிமாவில் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா தோலில் பெருகுவது உண்மை. நீர் கோத்து, மஞ்சள் பொருக்குத் தட்டி, காய்ச்சல் வந்தால் அதற்கு மருந்து வேறு, மருத்துவரிடம் போக வேண்டும். தினமும் கிருமிநாசினியில் குளிப்பது அதற்கு மருந்து இல்லை. ஒட்டுவாரொட்டியும் இல்லை இது. ஒருநாள் பஸ்ஸில் என் கழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நின்றார். தவளக்குப்பத்திலிருந்து அரியாங்குப்பம் வரை அந்தப் பாதி சீட் காலியாகவே வந்தது.

கழுத்துக்கு வேர்வைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி சரி. மே மாதம், கத்திரி வெயில், ஆறு மணி பஸ், மரப்பாலம் சிக்னலில் வண்டி நிற்கும்போது காற்றும் நின்றுவிடும். கடலோர ஈரப்பதத்தில் வேர்வை ஆவியாகாமல் தோலிலேயே ஊறும், காய்ந்தால் உப்புப் படியும், அரிக்கும். இதற்காக நான் செய்துகொண்டிருந்த காரியம், அலுவலகத்திலிருந்து கிளம்புமுன் கழுத்து நிறைய பவுடர் கொட்டிக்கொள்வது. அது இன்னும் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், கதையில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. இப்போது பையில் ஒரு ஈரக் கைக்குட்டை. வேர்வையைத் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். வீட்டுக்கு வந்ததும் சோப்பு இல்லாமல் வெறும் தண்ணீரில் ஒரு குளியல். சிந்தடிக் சேலைகள் பீரோவுக்குள் போயின, பழைய சுங்குடிச் சேலைகள் வெளியே வந்தன.

தண்ணீர் விஷயத்தில் பணம் போகத் தெரிந்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. வாளியில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. உப்பை எடுக்கும் இயந்திரம் ஒன்றை விற்க வந்தவர், எக்ஸிமாவே இதனால்தான் என்று அடித்துச் சொன்னார். நானும் நம்பத் தயாராகத்தான் இருந்தேன். இப்படிச் சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீர் உள்ள ஊர்க் குழந்தைகளிடம் எக்ஸிமா கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் ஏற்கெனவே எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடத்தி 2011இல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவியைப் பொருத்திப் பார்த்ததில், வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பணத்தில் வாஷிங் மெஷின் வாங்கினோம். துணியைக் கூடுதலாக ஒரு தடவை அலசி எடுக்கிறது. துணியில் சோப்புத் தூள் தங்காததே போதும்.

இனி நெஞ்சுக்குழி.

அந்தத் திட்டு மட்டும் எதற்கும் மசியவில்லை. வேர்வை என்றேன், உள்ளாடை என்றேன், டென்ஷன் என்றேன். மார்ச் மாதம் கணக்கு முடிக்கிற நேரத்தில் எல்லா இடமும் அரிக்கும் என்பதால் அந்தக் கடைசிக் காரணம் எப்போதும் கைவசம் இருந்தது. மருத்துவர் ‘பேட்ச் டெஸ்ட்’ எடுக்கச் சொன்னார். ஊசி கிடையாது. சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் ஒவ்வொரு பொருளாக வைத்து முதுகில் வரிசையாக ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், நாலாம் நாள் இன்னொரு தடவை பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக்கூடாது, வேர்க்கக்கூடாது. நம் கடற்கரையில் அதற்குத் தை, மாசி விட்டால் வேறு மாதம் இல்லை. நான் மாசியில் போனேன். பஸ்ஸில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து வந்ததில் அந்த நாலு நாளும் எனக்கு ஒரு ராணுவக் களை இருந்ததாகக் கணவர் சொன்னார்.

இரண்டு இடம் சிவந்திருந்தது. ஒன்று வாசனைப் பொருள்களின் கலவை. பவுடர் விவகாரம் அதோடு முடிந்தது. இன்னொன்று நிக்கல்.

நிக்கல் எங்கே படுகிறது என்று கேட்டார். கவரிங் கம்மல் போடுவதில்லை, வாட்ச் இல்லை, பெல்ட் இல்லை. பட்டியல் போட்டுக்கொண்டே போய், சட்டென்று கை தானாக நெஞ்சுக்குப் போனது. தாலிச் சங்கிலியில் நாலு ஊக்கு.

படிக்கிற பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்குச் சொல்கிறேன். தாலிச் சங்கிலி என்பது எங்களுக்கு ஊக்கு மாட்டுகிற ஆணி. சேலைக்கு, பையன் சட்டைப் பொத்தான் அறுந்தால், பை ஜிப் பிய்ந்தால், பக்கத்து சீட்டுப் பெண்ணின் தாவணி கிழிந்தால், எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் எடுப்போம். இரும்பு ஊக்குக்கு நிக்கல் முலாம். வேர்வை படப்பட நிக்கல் கரைந்து தோலில் இறங்கும். ஒரு தடவை உடம்பு நிக்கலை வேண்டாதவன் என்று குறித்துவிட்டால், அநேகமாக ஆயுசுக்கும் அதே தீர்ப்புதான். ஊக்குகளைக் கழற்றி தையல் டப்பாவில் போட்டேன். ஆறு வாரத்தில் திட்டு அடங்கியது. கருப்பு மறைய இன்னும் சில மாதம் ஆனது.

அத்தைக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. “ஊக்கு இல்லாத சங்கிலி மொட்டையா இருக்கேம்மா” என்றார். பிறகு அவரே யோசித்து, “எங்க ஊர்ல முந்திரிக்கொட்ட ஒடைக்கறவளுங்க கையப் பாத்தா நீ இதுக்கெல்லாம் அழ மாட்ட” என்றார்.

அது உண்மை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் கொட்டை உடைக்கிற பெண்களின் விரல்களை நான் கல்யாணமான புதிதில் பார்த்து அதிர்ந்திருக்கிறேன். ஓட்டுக்குள் இருக்கிற கெட்டியான எண்ணெய் தோலைச் சுட்டுக் கருக்கும். சிலருக்கு ஒவ்வாமையாகவும் மாறும். சாம்பலைத் தொட்டுக்கொண்டோ எண்ணெயைத் தடவிக்கொண்டோ உடைப்பார்கள். முந்திரி, மா, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பத்து மரங்கள். மாங்காயைக் காம்புப் பக்கம் பல்லால் கடித்துப் பால் பட்டு உதடு வெந்துபோகாத பிள்ளை நம் ஊரில் உண்டா? அந்தக் காலத்தில் வெளுக்கப் போட்ட துணியில் சேராங்கொட்டைப் பாலால் குறி போடுவார்கள். சிலருக்கு அந்தக் குறி படுகிற இடத்தில், பெரும்பாலும் பிடரியில், கொப்புளமே வந்துவிடும். மருத்துவப் புத்தகங்களில் அதற்குத் தனிப் பெயர் இருக்கிறது. அத்தை மாங்காயைக் கரப்பான் என்றதற்கு இப்படி ஒரு வேர் இருக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு. பால் பட்ட உதட்டைப் பார்த்த யாரோ ஒரு பாட்டி பழத்துக்கும் சேர்த்து எழுதிவிட்டாள். எனக்குக் காரணம் பிடிபட ஒரு மாத நோட்டு வேண்டியிருந்தது. ஆலைக்குப் போகிற பெண்ணுக்கு என்ன படுகிறது என்று முதல் நாளே தெரியும், விலக மட்டும் முடியாது. நல்ல கையுறை கொடுத்தாலும் உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவளுக்கு வேகம் குறையும்.

தூண்டுகிறவற்றைக் கண்டுபிடிப்பது ஒரு பாதி என்றால், தினசரி வேலை இன்னொரு பாதி. குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே மூன்று நிமிடத்துக்குள் களிம்பு. நான் சுண்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டிருந்தேன். உடம்பு முழுக்கப் பூசுகிற பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வேண்டும் என்று கேட்டதும் மயக்கம் வந்தது. விலை உயர்ந்தது தேவையில்லை, வாசனை இல்லாத வெள்ளை பாரஃபின் வகை போதும். சுத்தமான தேங்காய் எண்ணெயும் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. பாரஃபின் ஊறிய துணி சீக்கிரம் தீப்பற்றும் என்பதால் அந்தச் சேலையோடு விளக்கேற்றவோ அடுப்படியில் நிற்கவோ மாட்டேன். ஸ்டீராய்டு இப்போதும் வீட்டில் இருக்கிறது, மிதமானது, மருத்துவர் எழுதிக் கொடுத்தது. சிவந்தால் மட்டும், சொன்ன நாளுக்கு மட்டும். விரல் நுனிக் கணு அளவு பிதுக்கினால், விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு வரும். பயந்துகொண்டு போடாமலே இருப்பதும் தப்பு, மளிகைச் சாமான் மாதிரி வாங்கிப் போடுவதும் தப்பு.

இரண்டு வருடம் ஆகிறது. பூண்டு, பாத்திர சோப்பு, பவுடர், ஊக்கு நாலும் உரிய தலைப்புக்குப் போய்விட்டன. கத்திரி வெயிலும் மார்ச் மாதமும் தள்ளுபடி செய்ய முடியாத செலவு. அவை வரும்போது களிம்பைக் கூட்டிக்கொள்கிறேன்.

போன மாதத்திலிருந்து வலது கண் இமை மட்டும் அரிக்கிறது. இமைக்கு எதையும் பூசுவதில்லை. அந்த இடத்தில் கை கொண்டுபோய் வைப்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும், நகப்பூச்சுகூட விரல் வழியாக இமைக்குப் போய்விடும் என்கிறார் மருத்துவர். கொழுந்தன் கல்யாணத்துக்கு நகப்பூச்சு போட்டது உண்மை. அதே வாரம் பூஜை அறைக்குப் புதுச் சாம்பிராணி வாங்கியதும் உண்மை. கணவர் தலைக்கு டை அடித்துக்கொண்டு என் தலையணையில் தூங்கியதும் உண்மை. நோட்டில் மூன்றையும் எழுதி, எதிரே இப்போதைக்கு ‘சஸ்பென்ஸ்’ என்று போட்டிருக்கிறேன். தலையணை உறையை மாற்றியாயிற்று. புதன்கிழமை பார்க்கலாம்.